இழுவைப் பல்லும் ஓட்டப் பல்லும்

எனக்கு வாகனம் என்றாலே அலுப்பு. கலியாணமான நாளிலிருந்து ஒரு பிக்அப்பின் சத்தத்தில் எழும்பி, அதே சத்தம் திரும்பி வந்து சேரும்வரை சோற்றைச் சட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? யாராவது புதிதாக ஒன்று வாங்கிவிட்டு, "ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டால், போய்ப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அதற்குமேல் ஒரு சொல் வாயில் வராது.

எங்கள் பிக்அப் இங்கிலாந்தில் செய்தது. முன்னுக்கு இரண்டு பேர் வசதியாக இருக்கலாம். பின்னுக்குத் திறந்த பெட்டி. அது என் சீதனத்தில் வந்தது. மற்றப் பெண்களுக்குக் காணி எழுதுவார்கள்; என் அப்பாவிடம் எழுதிக் கொடுக்கக் காணி இருக்கவில்லை, பிக்அப் இருந்தது. மாப்பிள்ளைக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்று கேள்விப்பட்டதும் அதையே தந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சீதனம் பெண்ணுடைய சொத்து. அதைக் கைவிட்ட ஆணுக்கு, பெண்சாதியின் சீதனத்தைத் தின்றவன் என்ற பேர் சுடலை வரைக்கும் கூடவே போகும். ஆகையால் அந்த வாகனம் எங்கள் வீட்டில் ஒரு ஆளாக இருந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, எழும்பிப் போ என்று சொல்ல முடியாது.

என் கணவர் அதை வைத்துத் தோட்டக்காரருக்கு ஓடினார். இணுவிலைச் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் பிடுங்கிச் சாக்கில் கட்டி, வளவின் வாசலில் வேலிப் படலைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். இவர் விடியலில் போய், படலைக்குப் படலை நின்று, ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போவார். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர், படலையில் நின்றால் கதையை நிறுத்தமாட்டார். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யாருடைய கிணறு வற்றியது, எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு ஊர்ப் புதினம் வேண்டுமென்றால் அந்த வாகனம் வந்து நிற்கவேண்டும். அவருக்கு மனிதரோடு பழக இருந்த ஒரே வழி அதுதான் என்று அப்போது நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஓடுகிறவர், ஓடுகிறார் என்று இருந்தேன்.

நாட்டில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலத்தில்தான் எங்களுக்குச் சனி பிடித்தது. ஒரு நாள் மானிப்பாய் வீதியில் வரும்போது, பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் இரும்புப் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்டு வாகனம் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சில்லு சுற்றவில்லை. வாகனம் திருத்துகிற கராச்காரர் வந்து இழுத்துக்கொண்டு போய், அந்தப் பெட்டியைத் திறந்து, உடைந்த பல்லுகளை ஒரு தகரப் பேணியில் போட்டுக் காட்டினார். எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொடுக்கிற இரண்டு பல்லுச் சக்கரங்கள் அதற்குள் இருக்கும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டும் ஒன்றாகவே செய்து சோடியாக வருபவை. ஒன்று போனால் மற்றதும் போன மாதிரித்தான்.

அந்தச் சோடியை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினோம். கடையில் இல்லை, கராச்சில் இல்லை, பழைய இரும்புக்காரனிடமும் இல்லை. பிக்அப் வளவுக்குள் நின்றது. இவர் விடிய எழும்பி, அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பார். போக இடமில்லாத மனிதருக்கு ஏன் அந்த நேரத்தில் தேத்தண்ணி என்று எரிச்சல் வந்தாலும் ஊற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் கராச்காரர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அதே கம்பனியின் கார் ஒன்று மரத்தில் மோதி நொறுங்கிக் கிடந்தது. அதன் பல்லுச் சோடி எங்கள் பெட்டிக்குள் அளவாக உட்காரும். ஆனால் கணக்கு வேறு. எங்கள் பிக்அப்பில் சின்னச் சக்கரம் ஐந்து தரத்துக்கு மேல் சுற்றினால்தான் சில்லு ஒரு தரம் சுற்றும். காரில் நாலு தரத்துக்குச் சற்றுக் கூடச் சுற்றினாலே போதும்.

"அண்ணை, உங்கடை பழையது இழுவைப் பல்லு. இது ஓட்டப் பல்லு" என்றார் கராச்காரர். "எழும்பேக்கை கொஞ்சம் சுணங்கும். எழும்பிட்டுதெண்டால் வண்டியைப் பிடிக்கேலாது."

"சுமை ஏத்தினால்?" என்று இவர் கேட்டார்.

"எங்கடை ஊரிலை மேடு எங்கை கிடக்கு? நீங்கள் என்ன, கண்டிக்கே ஏறப்போறியள்?"

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எங்கள் ஊர் அப்படி. மதகுக்கு முன்னால் வீதி கொஞ்சம் உயர்ந்தால் அதுதான் எங்களுக்கு மலை. இழுவை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு மேடுதான் ஞாபகம் வரும். மேடு இல்லையென்றால் இழுவை எதற்கு? மலைநாட்டில் ஒரு கராச்காரர் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார். சமதரையில் பிறந்து சமதரையில் ஓடின ஆட்களுக்குத்தான் இந்தப் பிழை வரும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வாகனத்தில் என்னை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போனார். முன்பெல்லாம் அந்த வாகனம் வேகம் எடுத்தால் எஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. அன்றைக்கு அது சத்தமில்லாமல் ஓடியது. யன்னலால் காற்று வந்தது. இவர் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். என் கலியாண வாழ்க்கையில் அந்தப் பிக்அப்பில் சந்தோசமாக இருந்த நாள் அது ஒன்றுதான் என்று சொன்னால் கோவிப்பார். ஆனால் உண்மை.

பிறகு வெங்காயக் காலம் வந்தது. பெட்டி நிறையச் சாக்கு. படலையில் நின்ற வாகனம் எழும்ப மறுத்தது. கிளச்சை ஒரேயடியாக விட்டால் எஞ்சின் நின்றுபோகும். கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, மற்றக் காலால் எஞ்சினைக் கத்தவிட்டு, வாகனம் மெல்ல நகர்ந்து வேகம் பிடிக்கும்வரை இடது காலை அந்தரத்திலேயே வைத்திருக்கவேண்டும். அமத்தவும் கூடாது, விடவும் கூடாது. கொஞ்சத் தூரம் போனதும் அடுத்த படலை. திரும்ப நிற்கவேண்டும். அதன் முதலாம் கியர் வாகனம் முழுதாக நின்றால்தான் விழும். உருண்டுகொண்டே போடுவோம் என்றால் பல்லைக் கடித்துக் கத்தும். ஆகவே நின்று, ஏற்றி, திரும்பவும் அதே காலில் தொங்கி எழும்பவேண்டும். எங்கள் ஊரில் மேடு இல்லை என்று சொன்னவர்கள் படலைகளை எண்ணவில்லை.

சில நாட்கள் நானும் கூடப் போவேன். கிளச் எரிகிற மணம் முன்சீற்றுக்கு வரும். அந்த மணம் என் சேலையிலும் ஏறி, தோய்த்தாலும் போகாமல் இருந்தது. இவர் முகத்தைப் பார்ப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருப்பார்.

"கால் நோகுதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கால் இல்லை. வண்டி பாரமாய்க் கிடக்கு" என்றார்.

இதைத்தான் அவர் எல்லோரிடமும் சொன்னார். கிளச் பிளேற் தேய்ந்து தேய்ந்து கராச்சுக்குப் போகும்போதெல்லாம் சொன்னார். கராச்காரர் தேய்ந்த பிளேற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டே ஓடுறியள் போலை" என்றார். வாகனம் ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வசை கிடையாது. நேற்றுப் பழகின பிள்ளையைச் சொல்லலாம், ஓடியே வளர்ந்தவரைச் சொல்லலாமா?

"தம்பி, ஓட்டப் பல்லைப் போட்டது நீர். எரியிறது என்ரை மனிசன்ரை காலோ?" என்று கேட்டேன்.

"அக்கா, மேடு பள்ளம் இல்லாத ஊரிலை ஒரு வண்டி பாரமாய் இருக்க ஞாயமே இல்லை" என்றார் அவர். பிழையான மனிதர் இல்லை. தான் சொன்னதை நம்பித்தான் சொன்னார்.

இவர் வந்து ஏறினார். அன்றைக்கு வீடு வரும்வரை, ஒரு தடவையாவது கிளச்சில் கால் சும்மா கிடக்கிறதா என்று பார் என்பதுபோல, கியர் மாற்றாத நேரமெல்லாம் காலை இழுத்துப் பின்னுக்கே வைத்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஒரு மனிதர் தன் தொழிலில் தான் பிழை இல்லை என்று பெண்சாதிக்குக் காட்டவேண்டி வந்தால் அது என்ன வாழ்க்கை?

முழங்கால் வீங்கத் தொடங்கியது. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் டொக்டர் அமத்திப் பார்த்து, ஓய்வு எடுக்கச் சொன்னார். ஓய்வு என்ற மருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் செமிக்காது. பிறகு நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் எண்ணெய் தந்தார். பின்னேரங்களில் அதைச் சூடாக்கி உருவுவது என் வேலையானது. சமைத்து, தோய்த்து, பிள்ளைகளைப் படிக்க இருத்தி, பிறகு அந்தக் கால். உருவும்போது என் கையும் நோகும், மனமும் நோகும். "வித்துத் துலையுங்கோவன்" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"உம்மடை சீதனத்தை அழிச்சவன் எண்டு பேர் எடுக்கச் சொல்லுறீரோ?"

"என்ரை சாமான்தானே. நான் சொல்லுறன், வில்லுங்கோ."

"வித்துப்போட்டு நான் எங்கை போய் நிக்கிறது?" என்றார். படலையில் நின்று கதைக்கிற மனிதருக்கு ஒரு வாகனம் வேண்டும். வாகனம் இல்லாமல் போய் நின்றால் அது வேறு.

பெற்றோல் விலை ஏறின காலத்தில் அவர் ஒவ்வொரு படலையிலும் எஞ்சினை நிற்பாட்டத் தொடங்கினார். தோட்டக்காரர்கள், அண்ணை சிக்கனம் பிடிக்கிறார் என்று பகிடி பண்ணினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் பக்கத்தில் இருக்கும்போது கவனித்தேன். எஞ்சின் நின்றபிறகு முதலாம் கியரைப் போட்டார். கிளச்சைத் தொடவே இல்லை. "கொஞ்சம் தள்ளிவிடுங்கோ" என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, கியரிலேயே, எஞ்சினை எழுப்புகிற ஸ்ராற்றரை அடித்தார். வாகனம் ஒரு துள்ளுத் துள்ளி, ஸ்ராற்றரின் இழுவையில் நகர்ந்து, அப்படியே எஞ்சினும் பிடித்தது. ஓடத் தொடங்கிய பிறகு மற்றக் கியர்களை எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே மாற்றினார். சத்தம் சரியான இடத்துக்கு வந்ததும் கியர் வெண்ணெயில் கத்தி போல விழும். அவருடைய காது அவ்வளவு நல்ல காது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடது கால் சீற்றுக்குக் கீழே செத்துக் கிடந்தது. எத்தனை நாளாக இப்படி ஓடுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பெற்றோல் மிச்சம் என்று சொல்வார்.

ஸ்ராற்றர் எவ்வளவுக்குத் தாங்கும்? அதுவும் ஒருநாள் கருகிப்போனது. அதோடு வாகனம் வளவுக்குள் நின்றது. இவர் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தார். தோட்டக்காரர் வேறு வாகனம் பிடித்தார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது, வெங்காயம் காத்திருக்காது. முதலில் சிலர் வந்து சுகம் விசாரித்தார்கள். பிறகு வீதியால் போகும்போது கையைக் காட்டினார்கள். பிறகு அதுவும் குறைந்தது. வீட்டில் அவர் குரல் கேட்பதே அரிதாகிவிட்டது. "ஓம்", "வேண்டாம்", "வையும்" என்று மூன்று சொல்லில் நாள் போனது.

நான் வாகனம் பழகியது அந்தக் காலத்தில்தான். ஆசையால் அல்ல. வீட்டில் ஒருவராவது ஓடவேண்டும் என்றுதான். என் தம்பியின் காரில், கொழும்புத்துறைப் பக்கம், வலை காயப்போட்டிருக்கும் கடற்கரை வீதியில் பின்னேரங்களில் ஓடிப் பழகினேன். மீன்காரர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். லைசென்சும் எடுத்தேன். இவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு வெளிச்சாமான் திரும்பவும் வரத் தொடங்கியது. யப்பான் பிக்அப்புகள் வந்து வீதியை நிறைத்தன. பழைய இங்கிலீஷ் வாகனங்களை ஆட்கள் உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். ஒருநாள் கராச்காரர் தானாக எங்கள் படலைக்கு வந்து நின்றார்.

"அண்ணை, உங்கடை சாதி வண்டி ஒண்டை வவுனியாவிலை உடைச்சவை. இழுவைப் பல்லுச் சோடி சுகமாய்க் கிடக்கு. கொண்டுவந்திட்டன்" என்றார்.

இவர் கதிரையை விட்டு எழும்பிய வேகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். அந்த வாரம் முழுக்க மனிதர் வேறு ஆளாக இருந்தார். தலைமயிர் வெட்டுவித்தார். எண்ணெயைத் தானே சூடாக்கித் தானே உருவினார். "இழுவைப் பல்லு வந்தால் காலுக்கு வேலையே இல்லை. சும்மா தொட்டுவிட்டால் எழும்பும்" என்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார். நான் முழங்காலைப் பார்ப்பேன். அது மடிந்தால் நிமிர மறுத்தது, நிமிர்ந்தால் மடிய மறுத்தது. பல்லு வந்தால் கால் வரும் என்று அவர் நம்பினார்.

வேலை முடிந்த அன்று காலையில் கராச்காரர் பிக்அப்பைப் படலைக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனதோடு தன் வெங்காயச் சாக்குகளை ஏற்றினார். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி இருந்தார். நான் இடப்பக்கம் ஏறினேன். எஞ்சின் பிடித்தது. இடது காலைக் கையால் தூக்கிக் கிளச்சில் வைத்தார். கால் பாதிவரை போனது. கியரைப் போட்டதும் நடுங்கியது. பிறகு தானாகவே திரும்பி வந்தது. வாகனம் துள்ளி நின்றது.

திரும்பவும் செய்தார். திரும்பவும் துள்ளி நின்றது. அவருடைய நெற்றியில் வியர்வை பூத்தது.

"வண்டி இன்னும் பாரமாய்த்தான் கிடக்கு" என்றார். "பல்லிலை ஏதோ பிழை."

கராச்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் யன்னலால் அவரை ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

"இஞ்சாலை தள்ளியிருங்கோ. நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றேன்.

அவர் காலைக் கையால் தூக்கி இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நகர்ந்தார். நான் இறங்கிச் சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறினேன். கிளச்சை அமத்தி, முதலாம் கியரைப் போட்டு, மெல்ல விட்டேன். அவ்வளவு சுமையோடும் வாகனம், நித்திரையிலிருந்து எழும்புகிற பிள்ளை மாதிரி, ஒரு முறுக்கும் இல்லாமல் எழும்பியது. காலைப் பாதியில் பிடிக்கவேண்டி வரவில்லை. மணம் வரவில்லை. இவ்வளவு லேசாக எழும்பியிருக்கவேண்டிய வாகனத்திலா இந்த மனிதர் தன் காலைத் தின்னக் கொடுத்தார் என்று நினைத்தேன். அழுதால் தெரிந்துவிடும் என்று வீதியையே பார்த்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் அவர் கேட்டார்.

"எப்பிடி? பாரமோ?"

எஞ்சினின் ஒரு மூச்சு மாறினாலும் கேட்கிற காது அது. வாகனம் எப்படி எழும்பியது என்று அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"ஓம்" என்றேன். "சரியான பாரம். என்னாலையே அமத்தேலாமல் கிடக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பி, போகிற வேலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார்.